மோப்பக்காரரின் மூக்கு

அந்தத் தெருவில் கார் பட்டறை வைத்திருந்தவருக்கு மோப்பக்காரர் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். வண்டி வாசலில் வந்து நிற்கும். ஓட்டி வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் அருகே குனிந்து இரண்டு தடவை மூச்சை உள்ளே இழுப்பார். "ஆயில் எரியுது. வால்வு சீல் போச்சு" என்பார். இல்லையென்றால், "இனிப்பா ஒரு வாசனை வருதே, கூலன்ட் உள்ள இறங்குது. ஹெட்டைக் கழட்டிப் பாத்துருவோம்" என்பார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். வந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள்.

அவருக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம் உண்டு. பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்கிற கேஜ், மல்டிமீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனர் எல்லாம் வாங்கித்தான் வைத்திருந்தார். ஸ்கேனரையாவது எப்போதாவது எடுப்பார். கேஜ் பெட்டியின் மேல் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. "மூக்கு இருக்கறப்ப முள்ளு எதுக்குய்யா?" என்று கேலி பேசுவார்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான். மனைவி கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் போனது, உடம்பு வலி போனது, மூக்கடைப்பும் போனது. பட்டறையைத் திறந்த முதல் நாள் காலை, சாமான் கழுவுவதற்காகப் பெட்ரோல் டப்பாவைச் சாய்த்தார். தண்ணீரைச் சாய்த்த மாதிரி இருந்தது. டப்பாவின் வாய்க்குள் மூக்கை விட்டு இழுத்தார். ஒன்றுமில்லை. பிரேக் கிளீனரை எடுத்து முகர்ந்தார். பழைய டயர், கிரீஸ், கருகிப்போன கிளட்ச் தகடு, கடைசியில் தன் சட்டைக் காலர் என்று பட்டறை முழுக்க ஒரு சுற்று வந்தார். வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டுப் போனபின் என்ன மிச்சம் என்று ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்ப்பவரைப் போல. ஒன்றுகூட மிச்சமில்லை.

தனக்குத் தெரிந்தவர் யாரும் போகாத ஒரு டாக்டரைத் தேடிப் போய்க் காட்டினார். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். மோப்பக்காரர் பொறுத்துப் பார்த்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட. வாசனை திரும்பிய பிறகு, "அடியே, இவ்வளவு நாளா எனக்கு மூக்கே இல்ல தெரியுமா?" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அந்த நாள் வருவதாகக் காணோம்.

இதற்கிடையில் வெளியூரில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறக்கும் நாள் நெருங்கியது. மனைவி பெட்டியைக் கட்டினாள். குழந்தை பிறந்தது. மகளுக்கு உடம்பு தேறும் வரை இருக்கிறேன் என்றாள். அப்புறம், மகள் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையை யார் பார்ப்பது என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் போனில் பேசினாள். பேச்சில் பாதி குழந்தையைப் பற்றி இருக்கும். மீதி, "சாப்பிட்டீங்களா?" "ம், ஆச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

பட்டறைக்கு மேலே இரண்டு அறை வீடு. அங்கே அவர் தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். சமைத்ததைச் சூடு என்றும் ஆறினது என்றும், உறைப்பு என்றும் உப்பு என்றும் பிரிக்க முடிந்ததே தவிர, தின்பது என்னவென்று நாக்குக்குத் தெரியவில்லை. திரிந்த பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு, டம்ளரின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகே விஷயம் விளங்கும். தன் மேல் வாடை அடிக்கிறதோ என்ற பயம் வேறு பிடித்துக்கொண்டது. கசங்காத சட்டையைக்கூடத் துவைத்துப் போட்டார். வாடிக்கையாளர்களிடம் நாலடி தள்ளி நின்றே பேசினார். ஒருநாள் மத்தியானம் மனைவியின் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளுக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தார். துணி மிருதுவாக இருந்தது. அவ்வளவுதான். அலமாரியைச் சாத்திவிட்டு வேலைக்கு இறங்கினார்.

பட்டறையில் மட்டும் நடிப்பு நிற்கவில்லை. வண்டி வந்தால் குனிவார், இரண்டு தடவை மூச்சை இழுப்பார். பிறகு புகையின் நிறத்தையும், இன்ஜின் சத்தத்தையும், ஓட்டி வந்தவர் வாயிலிருந்து விழுவதையும் கூட்டிப் பெருக்கி ஒன்றைச் சொல்வார். கைப்பழக்கம் பல தடவை காப்பாற்றியது. காப்பாற்றக் காப்பாற்ற, உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது.

அப்படி இருக்கும்போதுதான் டிரைவிங் டீச்சர் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நடுத்தர வயது, கறாரான பேச்சு. கூரையில் பலகை மாட்டிய பழைய கார் அவருடையது. இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்த வண்டி.

"பெட்ரோலை ஊத்தி மாளலைங்க. ஒரு வாரம் வர்றது ரெண்டு நாள்ல காலியாகுது. பின்னாடி கறுப்புப் புகை. சூடா இருக்கறப்ப நிறுத்திட்டு உடனே ஸ்டார்ட் பண்ணினா இருமி இருமித்தான் கிளம்புது" என்றார் டீச்சர். "அதைவிட உள்ள அடிக்கிற பெட்ரோல் நாத்தம்தான் தாங்கல. உங்களுக்கு அடிக்குதா?"

"அடிக்குது, அடிக்குது" என்றார் மோப்பக்காரர். "ரிச்சா ஓடுது டீச்சர். காத்துக்கு அளவா போக வேண்டிய பெட்ரோல் அளவு மீறிப் போகுது. பாத்துடலாம்."

பிளக்கைக் கழற்றினார். நாலும் அடுப்பங்கரிக்குள் புதைத்து எடுத்த மாதிரி கறுப்பாக இருந்தன. ஏர் ஃபில்டரும் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினார். அந்த வகை வண்டிகளில், இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டின் சூட்டைப் பார்க்கிற சென்சார் அடிக்கடி சொதப்பும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும், 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை வாரி வாரி ஊற்றும். அதுவாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, மீட்டரை வைத்துக்கூடப் பார்க்காமல் புதுச் சென்சாரை மாட்டினார். பழைய மோப்பக்காரராக இருந்தால் ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோயிருப்பார். மெல்லிய ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முகர்ந்திருப்பார். இப்போது முகர்வதற்கு மூக்கில்லை. அளந்து பார்க்கலாம் என்றால், எப்போதும் அளக்காத மனிதர் இன்றைக்கு ஏன் கேஜைத் தூக்குகிறார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூச்சம். புது பிளக் போட்டதில் இன்ஜின் சிணுங்காமல் ஓடியது. டீச்சர் ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே வண்டி திரும்பி வந்தது. டீச்சர் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார்.

"அதே புகை, அதே நாத்தம். நேத்து ஓட்டிப் பழக வந்த பொண்ணு தலை சுத்துதுன்னு நடு ரோட்டுல இறங்கி உக்காந்துட்டா. கண்ணாடி நாலையும் இறக்கி விட்டுத்தான் இப்ப வந்தேன்."

மோப்பக்காரரின் முகம் செத்துப்போனது. "வச்சுட்டுப் போங்க டீச்சர். நாளைக்குச் சரியாக் கொடுக்கறேன்" என்றார்.

டீச்சர் போனதும் கேஜ் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். போன வாரம் இருந்ததைவிட ஆயில் மட்டம் ஏறியிருந்தது. ஆயில் குறையும், தானாக எப்படி ஏறும்? விரலில் தேய்த்தார். கொழகொழப்பு இல்லாமல் தண்ணியாக வழுக்கியது. பெட்ரோல் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. இது கண்ணாலும் விரலாலும் தெரிகிற விஷயம்தான். போன வாரமே பார்த்திருக்கலாம். தலையில் அடித்துக்கொண்டார்.

பெட்ரோல் லைனில் கேஜை இணைத்தார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டி, சாவியைத் திருப்பி பம்ப்பை ஓட விட்டார். ஸ்கேனரில் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, அதற்கு மேல் குறைக்க முடியாமல் திணறிய கணக்கு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேஜின் இணைப்பைப் பாதி மரையில் கோணலாக ஏற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பெட்ரோல் அதன் வழியாக வழிந்து, இன்ஜினுக்கு அடியில் இறங்கி, தரையின் சரிவில் தகரத் தடுப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெல்டரின் பட்டறை.

வெல்டர் அப்போது கேஸைத் திறந்து லைட்டரைக் கையில் எடுத்திருந்தார். மறுகணம் கேஸை மூடிவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே! பம்ப்பை நிறுத்துங்கண்ணே! சாவி! சாவி!"

மோப்பக்காரர் பதறிச் சாவியைத் திருப்பினார். இறங்கியபோது செருப்பு ஈரத்தில் பதிந்தது. காலடியில் பெட்ரோல் பளபளத்தது. இருவரும் மணல் வாளியைக் கவிழ்த்தார்கள், சாக்கைப் போட்டு ஒற்றினார்கள், ஷட்டரை முழுக்க ஏற்றினார்கள். வெல்டருக்கு மூச்சு வாங்கியது. பயம் எல்லாம் கோபமாகத் திரும்பியது.

"தெரு முழுக்க நாறுது. நீங்க உள்ளயே உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு என்ன மூக்கு செத்தா போச்சு?"

"ஆமா" என்றார் மோப்பக்காரர்.

கத்தலாமென்று வாயைத் திறந்த வெல்டர் அப்படியே நின்றார்.

"என்ன ஆமா?"

"செத்துப்போச்சு. போன மழைக்கு வந்த காய்ச்சல்லேர்ந்து. பெட்ரோல், புகை, பூ, எதுவும் தெரியல."

"அப்புறம் தினமும் குனிஞ்சு குனிஞ்சு மோந்து பாக்கறது?"

"சும்மா."

வெல்டர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. சிரிக்க ஆரம்பித்தவர், மணல் ஒட்டிய கையோடு நிற்கிற மனிதரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நான் ஒருத்தன் பக்கத்துத் தகரத்துக்குப் பின்னாடிதானே இருக்கேன். கூப்பிட்டிருக்கலாமேண்ணே" என்றார்.

இணைப்பைச் சரியாக மாட்டி, ஒழுக்கு இல்லை என்று இருவருமாகப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பினார்கள். கேஜின் முள் நிதானமாக நின்றது. இன்ஜினை நிறுத்தியதும் முள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது நிற்காமல் சரசரவென்று இறங்கியது. நிறுத்திய பிறகும் பெட்ரோல் எங்கேயோ போகிறது. மோப்பக்காரர் பெட்ரோல் அழுத்தத்தை ஒழுங்கில் வைக்கிற சின்ன டப்பாவைப் பார்த்தார். ரெகுலேட்டர் என்பார்கள். அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இன்ஜின் காற்று இழுக்கிற பக்கத்துக்குப் போகும். அந்தக் குழாயில் காற்று மட்டும்தான் இருக்கலாம். பிடுங்கினார். உள்ளே லேசான கசிவு. ஆயில் படிந்து கறுத்த பழைய குழாய், எந்த ஈரம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

குழாயை நீட்டினார். "மோந்து பாரு."

வெல்டர் கிட்டே கொண்டுபோனதுமே முகத்தைச் சுளித்தார். "பச்சைப் பெட்ரோல். இதுல சந்தேகமே வேண்டாம்."

"அப்போ இதுதான்." மோப்பக்காரர் ரெகுலேட்டரைத் தட்டிக் காட்டினார். "உள்ள ஒரு சவ்வு இருக்கும். அது கிழிஞ்சிருக்கு. இஞ்செக்டர் அளந்து ஊத்தறது ஒரு பக்கம், இந்த வழியா அளவில்லாம இழுக்கறது ஒரு பக்கம். கம்ப்யூட்டர் என்னதான் குறைச்சாலும் இது குறையாது."

புது ரெகுலேட்டரை மாட்டினார். கெட்டுப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். போன வாரம் போட்டு மறுபடி கரி பிடித்த பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். இன்ஜினை நிறுத்தினால் முள் அசையாமல் நின்றது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து நாய் மாதிரி மூக்கை நாலா பக்கமும் திருப்பி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் டீச்சர் வந்தபோது மோப்பக்காரர் நாலடி தள்ளி நிற்கவில்லை. போன வாரம் செய்தது தப்பு என்றார். ஏன் தப்பாகப் போனது என்பதையும் சொன்னார்.

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். "என்கிட்ட கத்துக்க வந்தவர்ல ஒருத்தருக்கு ஒரு காது கேக்காது" என்றார். "முதல் நாளே சொன்னாரு. பின்னாடி ஹார்ன் அடிச்சா நான் தோளைத் தொடுவேன்னு பேசிக்கிட்டோம். இப்ப நல்லாவே ஓட்டறாரு. நீங்க அன்னைக்கு அடிக்குது, அடிக்குதுன்னீங்க. நான் நம்பி ஒரு பொண்ணை அதுல ஏத்தினேன்."

"தப்புதான் டீச்சர்."

"தப்புதான்" என்றார் டீச்சர். சமாதானமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஆனால் வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, "நாத்தம் போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும்." சொன்னார்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போன மழைக்கா?" என்றாள் மனைவி. "அப்ப நான் அங்கதானே இருந்தேன்."

"ஆமா."

"சமைச்சுப் போட்டு, எப்படி இருக்குன்னு கேட்டா, கமகமன்னு இருக்குன்னு சொன்னீங்களே."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒருநாள் அடுப்புல பாத்திரம் தீஞ்சு அடுப்படியெல்லாம் புகையாச்சு. நான் மொட்டை மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன். நீங்க அடுத்த ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. வீடே எரிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டீங்களான்னு நான் எப்படிக் கத்தினேன். அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. வாய் வரல."

"அந்தக் கோவத்துலதாங்க நான் அவ்வளவு சீக்கிரம் கிளம்பி வந்தேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்துச்சு." அவள் குரல் தழுதழுத்தது. "கூடவே இருந்தவளுக்கே தெரியல, பாருங்க." குழந்தை அழுதது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அப்புறம் பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, அதிகாரம் இருந்தது. கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது, மின்சார அடுப்பு ஒன்று வாங்க வேண்டும், பால் வாங்கினால் அன்றைக்கே முடிக்க வேண்டும், மிச்சமானால் கொட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவளே, "குழந்தை நடக்கற வரைக்கும் இங்க இருந்துதாங்க ஆகணும். இவ வேலையை விட முடியாது" என்றாள். அதற்கும் சரி என்றார்.

பட்டறை ஓடுகிறது. ஊர் இன்னும் மோப்பக்காரர் என்றே கூப்பிடுகிறது. கேட்பவர்களிடம் அவர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். சிலர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், சிலர் வருகிறார்கள். கேஜும் மீட்டரும் மேசை மேல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. சந்தேகம் என்றால் தகரத் தடுப்பைத் தட்டுவார். வெல்டர் வந்து முகர்ந்துவிட்டு, தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்வார். ஒருநாள் கூலன்டை முகர்ந்து பார்த்துவிட்டு பிரேக் ஆயில் என்று சாதித்தார். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஆறு மணிக்கு வெல்டர் தன் ஷட்டரை இழுத்து விட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பேச்சுச் சத்தம் இருக்காது.

வாசனை திரும்பவில்லை. மோப்பக்காரர் மாடியேறி, மின்சார அடுப்பில் எதையோ சுட வைத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். இப்போதெல்லாம் அவர் கேட்காமலேயே மனைவி சொல்கிறாள். இங்கே மழை வரப்போகுது, மண் வாசம் தூக்குது என்பாள். குழந்தையை இப்பத்தான் குளிப்பாட்டினேன், தலையில சோப்பு வாசம் அப்படியே நிக்குது என்பாள். அவருக்கு அது எதுவும் மூக்கில் ஏறாது. இருந்தாலும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்று கேட்பார்.